முதலில் காது, பிறகு குரல்: தொடக்கப் பள்ளி இசை வகுப்பு குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு இசைப் பாடவேளைகள் உண்டு. ஆனால் சென்ற ஆண்டு முழுவதும் ஆண்டு விழாவுக்கான இரண்டு பாடல்களையே திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒரு குழந்தை இசையில் என்னென்ன கற்றிருக்க வேண்டும்?
– ஒரு தாய்

பதில்: விழாவுக்காக இரண்டு பாடல்களைச் செம்மையாகப் பாடப் பழகுவது தவறான காரியமில்லை. ஆனால் அவற்றைப் பாடி முடித்த குழந்தையால் மூன்றாவது பாடலொன்றைத் தானே கேட்டுப் பிடித்துக்கொள்ள முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். முடியவில்லை என்றால், அவள் இரண்டு பாடல்களை மனப்பாடம் செய்திருக்கிறாளே தவிர, இசை கற்கத் தொடங்கவில்லை என்று பொருள். தொடக்கப் பள்ளியின் ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து ஒரே நோக்கத்தைச் சொல்லச் சொன்னால், கூர்ந்து கேட்கும் காதையும், கேட்டதை வழுவாமல் திருப்பித் தரும் குரலையும், நிலைகுலையாத தாள உணர்வையும் குழந்தைக்குள் ஊன்றிவிட வேண்டும் என்பேன். ஸ்வரங்களின் பெயர்கள், எழுதும் முறை, வாத்தியம், மேடை எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

தாளத்திலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான வகுப்புகளில் கைதட்டச் சொல்கிறார்கள். எதைத் தட்டுவது என்பதைச் சொல்வதில்லை. ஒரு பாடலில் சீராக ஓடிக்கொண்டிருக்கும் அடிப்படைத் துடிப்பு ஒன்று. அந்தத் துடிப்பின்மேல் நெடிலும் குறிலுமாகப் பாடலின் சொற்கள் விழும் முறை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்து உணர்வதுதான் ஆறு, ஏழு வயதில் நடக்க வேண்டிய மிகப் பெரிய கற்றல் என்று நான் கருதுகிறேன். முதலில் துடிப்பைக் காலால் நடக்க வேண்டும். பிறகு சொற்களைக் கையால் தட்ட வேண்டும். சில மாதங்கள் சென்றபின், கால் துடிப்பை நடந்துகொண்டிருக்கும்போதே கை சொற்களைத் தட்ட வேண்டும். இதைச் செய்யக்கூடிய குழந்தைக்குப் பின்னாளில் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே பாடுவது அச்சமூட்டும் வித்தையாக இருக்காது.

ஜெனீவா இசைக் கல்லூரியில் கற்பித்த எமில் ஜாக்-டால்க்ரோஸ் (1865–1950), விரல் வேகம் கைவரப்பெற்ற மாணவர்களே காலப்பிரமாணம் (ஒரே சீரான வேகம்) தவறி வாசிப்பதையும், அதே மாணவர்கள் தெருவில் சீராக நடந்து செல்வதையும் கவனித்து, நடை, துள்ளல், நிறுத்தம், திரும்புதல் ஆகியவற்றின் வழியாகவே லயத்தைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். ஓர் ஆசிரியர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது: குழந்தைகளை நாற்காலியில் கட்டிப்போட்டு லயம் சொல்லித்தர முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறு குழந்தையின் இயல்பான நடை, பெரியவர்களுடையதைவிட விரைவானது. ஆகவே முதல் சில வாரங்களில் குழந்தையின் நடைக்கு ஆசிரியர் தாளம் போட வேண்டும்; தம்முடைய தாளத்துக்குக் குழந்தையை இழுப்பது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது சுருதி. ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு வசதியாக எட்டும் குரல் எல்லை பெரியவர்கள் நினைப்பதைவிடச் சிறியது. ஹார்மோனியக் கணக்கில் சொன்னால், நடு ஸ்தாயியின் 2 கட்டையிலிருந்து 7 கட்டை வரையிலான (மேற்கத்திய முறையில் D முதல் B வரை) அந்தச் சிறு பரப்புக்குள்தான் பெரும்பாலான குழந்தைகள் வருத்தமின்றிப் பாடுகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் அது ஒரு முழு ஸ்தாயியையும் (ஒரு சட்ஜமத்திலிருந்து அடுத்த சட்ஜமம் வரை) அதற்கு மேல் இரண்டொரு ஸ்வரங்களையும் தொடும் அளவுக்கு விரிகிறது. பெரியவர்களுக்காக அமைக்கப்பட்ட திரைப்பாடலை முதல் வகுப்பில் பாட வைக்கும்போது குழந்தைகள் மேலே கத்துவதற்கும் கீழே முனகுவதற்கும் காரணம் இதுதான். திரைப்பாடல் என்பதற்காக நான் அதை விலக்கச் சொல்லவில்லை. குழந்தையின் குரலுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

எந்த ஸ்வரங்களில் தொடங்குவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. கர்நாடக இசையில் தொடக்கப் பயிற்சிக்கு மாயாமாளவகௌளை ராகத்தை நிலைநிறுத்தியவர் புரந்தரதாசர் என்று மரபு சொல்கிறது. குருவின் எதிரே ஒருவராக அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் கற்க வந்திருக்கும் மாணவருக்கு அது மிகச் சிறந்த அடித்தளம். ஆனால் ச–ரி, க–ம, ப–த, நி–ச என நான்கு இடங்களில் அதன் ஸ்வரங்கள் அரை ஸ்வர இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. நாற்பது குழந்தைகள் ஒன்றாகப் பாடும் வகுப்பில், அந்த நெருக்கமான இடைவெளிகளை ஒவ்வொரு காதும் பிரித்தறிகிறதா என்பதை ஆசிரியரால் கவனிக்க இயலாது. மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்கிடையே அரை ஸ்வர இடைவெளியே கிடையாது. மேலும், 2 கட்டையைச் சட்ஜமமாக வைத்துக்கொண்டால், ச ரி க ப த ஐந்தும் நான் மேலே சொன்ன குரல் எல்லைக்குள் கச்சிதமாக அமைந்துவிடுகின்றன. எனவே பள்ளி வகுப்புக்கு மோகனத்தின் ஸ்வரங்களே முதற்படியாக இருக்கட்டும். மத்தியமமும் நிஷாதமும் மூன்றாம் வகுப்பில் வந்து சேரட்டும்.

ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) தம் நாட்டுப் பள்ளிகளுக்காக வகுத்த வழியிலும், தாய்மொழிப் பாடல்களும் அரை ஸ்வரமில்லாத ஐந்து ஸ்வர மெட்டுகளுமே தொடக்கமாக இருந்தன. அவர் வழியில் குழந்தைகள் முதலில் பாடும் இடைவெளி, நம் சொற்களில் சொன்னால், பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (மோகனத்தில் வரும் க) இறங்குவது. தொலைவில் இருக்கும் தோழியைக் குழந்தைகள் பெயர் நீட்டி அழைக்கும்போது அடிக்கடி கேட்கும் இறக்கம் அதுவே. குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒலியிலிருந்து தொடங்கி, அதற்குப் பின்னர் பெயர் சூட்டுவதுதான் அம்முறையின் உயிர்நாடி.

கேட்டல் என்பதைத் தனிப் பயிற்சியாகவே வைக்க வேண்டும். ஒரு நிமிடம் கண்களை மூடி, காதில் விழுந்த ஒலிகளையெல்லாம் வரிசைப்படுத்தச் சொல்லலாம். பிறகு இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத இசைத் துண்டு ஒன்றை ஒலிக்கவிட்டு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்க வேண்டும்: மெட்டு எங்கே மேலேறியது, எந்த வாத்தியம் பிறகு வந்து சேர்ந்தது, முதலில் வந்த அடி திரும்பவும் வந்ததா? தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என்று தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஐந்து வகைப் பகுப்பு, எட்டு வயதுக் குழந்தைக்கு அழகாகப் பொருந்துகிறது. பெயரை முதலில் சொல்லாமல், ஒலியைக் கேட்டுத் தோலா, காற்றா, நரம்பா, உலோகமா, தொண்டையா என்று ஊகிக்கச் செய்யுங்கள்.

எழுதும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலிரண்டு ஆண்டுகளில், மேலேறும் மெட்டுக்கு ஏறும் கோடும் இறங்கும் மெட்டுக்கு இறங்கும் கோடும் போட்டால் போதும். மூன்றாம் வகுப்பில் ச ரி க ம எழுத்துகளும், ஸ்வரத்தை நீட்டுவதற்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இடும் வழக்கமும் வரலாம். ஐந்தாம் வகுப்பில், கேட்ட எட்டு அட்சர (தாள எண்ணிக்கை) மெட்டு ஒன்றை எழுதவும், எழுதியதைப் பார்த்துப் பாடவும் தெரிந்திருந்தால் நிறைவடையலாம்.

பள்ளிகள் பெரும்பாலும் கைவிட்டுவிடும் ஒன்று, குழந்தைகள் தாமே இசை இயற்றுவது. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் (1895–1982), இசை ஆசிரியை குனில்ட் கேட்மனுடன் சேர்ந்து வகுத்த முறையில், சைலோபோன் என்னும் தட்டி வாசிக்கும் கருவியின் கட்டைகளைக் கழற்றி மாட்ட முடியும். முரணாக ஒலிக்கும் கட்டைகளை எடுத்துவிட்டு ஐந்து ஸ்வரங்களை மட்டும் விட்டால், குழந்தை எதைத் தட்டினாலும் காதை உறுத்துவதில்லை. துணிச்சல் தானாக வருகிறது. கருவி இல்லாத வகுப்பில் குரலே போதும். ஆசிரியர் நான்கு அட்சரம் பாடிக் கேள்வியாக நிறுத்த, குழந்தை வேறொரு நான்கு அட்சரத்தால் விடை சொல்லட்டும். ஆண்டுக்குப் பத்துப் பாடல்களாவது, தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, உழைப்பாளர் பாட்டு, பிற மொழிப் பாட்டு எனக் கலந்து, நெட்டுருவாக வந்துசேர வேண்டும். பாடல்வளம் இல்லாத குழந்தைக்கு ஸ்வரஞானம் மட்டும் இருந்து பயனில்லை.

கேள்வி: என் மகனைப் பள்ளிக் குழுப்பாடலில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஆனால், ‘நீ பாட வேண்டாம், உதட்டை மட்டும் அசை’ என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது வீட்டிலும் பாடுவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு இசை வராதா?
– இரண்டாம் வகுப்பு மாணவனின் தந்தை

பதில்: தங்கள் கடிதம் என்னை வருத்தியது. வயது முதிர்ந்த பலர் என்னிடம் வந்து, ‘எனக்குப் பாட வராது, பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயதில் கேட்ட ஒரு வாக்கியத்தை ஐம்பது ஆண்டுகள் சுமந்தவர்கள் அவர்கள். நானும் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், விழா நெருங்கிய பதற்றத்தில், ஒரு சிறுமியிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவள் அதன்பின் என் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தங்கள் மகனுக்காக இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

ஸ்வரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிறவியிலேயே பிரித்தறிய இயலாதவர்கள் மிகச் சிலரே. சுருதி சேராமல் பாடும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே கேட்கிறது; பேசும் குரலிலிருந்து பாடும் குரலுக்கு மாறத்தான் அவர்கள் இன்னும் கற்கவில்லை. பேச்சுக்குரலின் தாழ்ந்த பகுதியிலேயே நின்று, பாடலின் சொற்களை ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். குரலை இடம் மாற்றும் தசைப் பழக்கம் பயிற்சியால் வருவது. உதட்டை மட்டும் அசைத்தால் அந்தப் பயிற்சிக்கே இடமில்லாமல் போய்விடும்.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். முதலில் பாடலே வேண்டாம். ஆம்புலன்சின் சங்கொலிபோலக் குரலை அடியிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து அடிக்கும் இழையவிட்டு விளையாடுங்கள். ஆந்தைபோல ‘ஊ’ என்று மென்மையாகக் கூவச் சொல்லுங்கள். தன் குரல் இவ்வளவு தொலைவு போகும் என்பதை அவன் முதன்முறையாக அப்போது உணர்வான். அடுத்து, அவன் பாடும் ஸ்வரம் எதுவோ, அதை நீங்கள் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து பாடுங்கள். இரு குரலும் ஒன்றாக இணையும் உணர்வை அவன் அனுபவிக்க வேண்டும்; ‘சுருதி சேர்வது’ என்றால் என்னவென்று சொல்லால் விளக்க முடியாததை அந்த ஒரு கணம் விளக்கிவிடும். அங்கிருந்து ஒரு ஸ்வரம் மேலே, பிறகு இன்னொன்று என்று அவனை அழைத்துச் செல்லுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். சில குழந்தைகளுக்கு வாரங்களில் வரும். சிலருக்கு ஓராண்டு ஆகும். இடையில் ‘உரக்கப் பாடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உரக்கப் பாடும் குழந்தைக்குத் தன் குரலும் பக்கத்தில் இருப்பவர் குரலும் சேர்கின்றனவா என்பது கேட்காது, தொண்டையும் கட்டிக்கொள்ளும்.

பள்ளியிலும் பேசுங்கள். குழுவில் அவனை, உறுதியாகச் சுருதியில் பாடும் ஒரு குழந்தைக்கு முன்னால் நிற்க வைத்தால், சரியான ஸ்வரம் பின்னாலிருந்து அவன் காதுக்கு வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: நான் முறையாக இசை பயின்றவன் அல்லன், வகுப்பாசிரியரான என்னிடமே இசைப் பாடவேளையையும் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் பாடிக் காட்டினால் குழந்தைகள் ஒருவருக்கொருவர் வேறு வேறு ஸ்வரத்தில் பாடுகிறார்கள். என்ன செய்வது?
– தொடக்கப் பள்ளி ஆசிரியர்

பதில்: குழந்தைகள் குழம்புவதற்குத் தங்கள் பயிற்சிக் குறைவைவிடக் குரலின் இயல்பே பெரிய காரணம். ஆண்களின் குரல் குழந்தைகளின் குரலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி தாழ்ந்தது. தாங்கள் பாடும் சட்ஜமத்தைச் சிலர் சரியாக ஒரு ஸ்தாயி மேலே வைத்துக்கொள்கிறார்கள். சிலர் தாங்கள் பாடும் உயரத்துக்கே இறங்கி வர முயன்று தொண்டையை அழுத்துகிறார்கள். மெல்லிய மேற்குரலில் பாடிக் காட்டப் பழகுங்கள். இயலாவிட்டால் ஹார்மோனியத்திலோ ரெக்கார்டர் என்னும் ஊதுகுழலிலோ மெட்டை வாசித்துக் காட்டுங்கள். அல்லது வகுப்பிலேயே சுருதி சுத்தமாகப் பாடும் ஒரு குழந்தையை முதலில் பாடச் சொல்லுங்கள். பின்னணியில் தம்புரா ஒலி எப்போதும் இருக்கட்டும். பதிவு செய்த பாடலோடு சேர்ந்து பாட வைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பதிவு குழந்தைகளுக்காகக் காத்திருப்பதில்லை, அவர்கள் திணறும் இடத்தில் மெதுவாகப் போவதுமில்லை.

பாடவேளை ஒரு மணி நேரமாக இருந்தால், முடிந்தவரை அதை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் கேளுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் கிடைக்கும் வகுப்பு, வாரத்துக்கு ஒருமுறை நீண்ட நேரம் கிடைக்கும் வகுப்பைவிட எப்போதும் முன்னேறுகிறது. தாங்கள் வகுப்பாசிரியராக இருப்பது அந்த வகையில் பெரும் வாய்ப்பு. இசை ஆசிரியருக்குக் கிடைக்காத நாள்தோறும் பத்து நிமிடம் தங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: எந்த வயதில், எந்த வாத்தியத்தில் சேர்க்கலாம்? கீபோர்டு எளிது என்கிறார்களே?
– ஒரு பெற்றோர்

பதில்: கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சரியான ஸ்வரம் தயாராக வந்துவிடுகிறது. அது எளிமை, அதுவே குறையும் கூட, ஏனெனில் ஸ்வரம் சரியா என்று காது தீர்மானிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கீபோர்டு கற்கும் குழந்தை, வாசிக்கும் ஒவ்வொரு அடியையும் வாயாலும் பாட வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொண்டால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். வயலின் இதற்கு நேர் எதிரானது. விரல் விழும் இடத்தைக் காதே சொல்ல வேண்டும். ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998) மூன்று, நான்கு வயதிலேயே குழந்தைகளுக்கு வயலின் கற்பித்தார் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அவர் முறையில் பெற்றோரும் பாடத்தில் உடன் அமர்ந்து கற்று, வீட்டில் நாள்தோறும் துணையிருந்தார்கள் என்பதையும், குழந்தை வில்லைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் அதே இசையை வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் துணை இல்லாத வீட்டில் மூன்றாம் வகுப்புக்கு முன் அவசரப்பட வேண்டியதில்லை. குழலில் சேர்ப்பதற்கு முன், துளைகளை விரல் நுனிகள் முழுமையாக அடைக்கின்றனவா என்று பாருங்கள்; முன்பற்கள் விழுந்து முளைக்கும் ஆறு, ஏழு வயதில், உதட்டில் வைத்து ஊதும் கருவிகளைச் சற்றுத் தள்ளிப்போடலாம். வயலினில் குழந்தையின் கை அளவுக்கேற்ற சிறு அளவுகள் உண்டு. பெரிதாக வாங்கி ‘வளர்ந்தபின் சரியாகிவிடும்’ என்று வைத்துக்கொள்வது கையின் பிடியைக் கெடுத்துவிடும்.

கேள்வி: இசை கற்றால் கணிதத்தில் மதிப்பெண் கூடும் என்பது உண்மையா?
– ஒரு வாசகர்

பதில்: இந்த நம்பிக்கை பரவியதற்கு, 1993ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஒரு சிறு கட்டுரை பெரிய காரணம். அதில் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் இல்லை. மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், இடம் சார்ந்த சிந்தனைச் சோதனை ஒன்றில் அவர்கள் காட்டிய முன்னேற்றம் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அதில் கணிதமும் இல்லை, இசைப் பயிற்சியும் இல்லை. கணித மதிப்பெண்ணுக்காகக் கணிதத்தைக் கற்பியுங்கள். இசை வகுப்புக்கு வேறொரு பாடத்தின் சிபாரிசு தேவைப்படுவதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் இசைக்கும் மதிப்பெண் வழங்கச் சொல்கிறார்கள். நியாயமாக எப்படி மதிப்பிடுவது?
– தலைமையாசிரியை

பதில்: நாற்பது பேர் முன்னால் ஒரு குழந்தையைத் தனியே நிறுத்திப் பாடச் சொல்லி மதிப்பெண் போடுவதை முதலில் நிறுத்தும்படி வேண்டுகிறேன். அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் கூச்சமே. விளையாட்டுப் பாடல்களில் ஒவ்வொருவரும் ஓரடி பாட வேண்டிய முறை வருமே, அப்போது ஆசிரியர் செவிகொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு குழந்தையின் குரலையும் அரை நிமிடம் பதிவு செய்து வைத்தால், ஜூனிலும் மார்ச்சிலும் பாடியதை அடுத்தடுத்துக் கேட்கும்போது வளர்ச்சி தெளிவாகத் தெரியும். ஒப்பீடு அந்தக் குழந்தையின் பழைய குரலோடு மட்டுமே இருக்கட்டும்.

ஒத்திகைகளில் ஒலிபெருக்கியின் அளவையும் கவனியுங்கள். கைபேசி போன்ற கருவிகளில் இசை கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல். பெரியவர்களுக்கான 80 டெசிபலைவிட அது குறைவு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. சிறிய வகுப்பறையில் மைக் தேவையே இல்லை.

கேள்வி: செவித்திறன் குறைந்த ஒரு சிறுமி என் வகுப்பில் இருக்கிறாள், செவிச்சுருள் கருவி (காக்ளியர் இம்பிளான்ட்) பொருத்தப்பட்டவள். இசைப் பாடவேளையில் அவளை நூலகத்துக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். அனுப்பலாமா?
– மூன்றாம் வகுப்பு ஆசிரியை

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். செவிச்சுருள் கருவி வழியாகக் கேட்பவர்களுக்கு ஸ்வரங்களின் நுண்ணிய வேறுபாடு தெளிவின்றி வரலாம். ஆனால் தாளத்தை அவர்கள் பெரும்பாலும் நன்றாகவே உணர்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த ஈவ்லின் க்ளென்னி, பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெருமளவு இழந்தவர். காலணி இல்லாமல் மேடையில் நின்று, அதிர்வுகளை உடல் வழியாக வாங்கிக்கொண்டு, தாளக்கருவிக் கலைஞராக உலகப் புகழ் பெற்றவர்.

அவளை மரப் பலகைத் தரையிலோ, பெரிய முரசின் அருகிலோ அமர்த்துங்கள். தோல்மீது உள்ளங்கையை வைத்து அதிர்வை உணரட்டும். தங்கள் முகமும் கையசைவும் அவளுக்கு எப்போதும் தெரியும்படி நில்லுங்கள். ஸ்வரங்களின் உயரத்தை, இடுப்பு உயரத்தில் சட்ஜமம் தொடங்கி நெற்றிக்கு மேல் மேல்ஸ்தாயி சட்ஜமம் வரை, கையால் காட்டுங்கள். அது மற்றக் குழந்தைகளுக்கும் உதவும். ஒரே நேரத்தில் பல கருவிகள் ஒலித்தால் அவளுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகப் படலாம், எனவே ஒவ்வொன்றாக ஒலிக்கவிடுங்கள். வகுப்பு முழுவதும் பாடும்போது தாளத்தைத் தாங்கி நிற்கும் பொறுப்பை ஒருநாள் அவளிடம் கொடுத்துப் பாருங்கள். அவள் எந்த நடையில் தொடங்குகிறாளோ, மற்றவர்கள் அந்த நடையிலேயே பாடட்டும்.